சாடிச் செடியும் பூச்சியும்



கச்சான் காற்றை அறியாதவர் திருகோணமலையிலே இல்லை. வைகாசி பிறந்துவிட்டால், தன்னிடமிருந்த ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலே இறக்கி வைத்துவிட்டு, வெறும் வெப்பத்தை மாத்திரம் சுமந்துகொண்டு அது நம்முடைய ஊருக்குள் வந்து சேர்கிறது. கொடியிலே போட்ட வேட்டி அரைமணி நேரத்தில் உலர்ந்துவிடும். உவர்மலையில் நின்று பார்த்தால் உட்துறைமுகத்தின் நீர்ப்பரப்புத் தகடு போல மின்னும். மனிதருக்கே நா வறளும் அந்தக் காலத்திலேதான் நம் வீட்டு விறாந்தைகளில் இருக்கும் பூச்சாடிகளுக்கும் சோதனை தொடங்குகிறது. நேற்றுவரை பளபளத்த றோசாவின் இலை இன்று சாம்பல் பூத்தாற்போல மங்குகிறது. செவ்வரத்தையின் கணுக்களிலே மாவைத் தூவியது போல ஏதோ படிகிறது. தேசிக்கன்றின் இலைகள் சுருண்டுகொள்கின்றன. அதைக் கண்டதும் நம்மவர் வாயில் வருகின்ற முதற் கேள்வி ஒன்றே: "இதற்கு என்ன மருந்து அடிக்கலாம்?"

அந்தக் கேள்வியைச் சற்றே பின்னுக்குத் தள்ளி வைக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளவே இன்று வந்திருக்கிறேன். பூச்சியைக் கொல்ல வேண்டாம் என்று சொல்ல வந்தேனல்லேன். ஆனால் வயலுக்கென்று ஆக்கப்பட்ட நஞ்சை வீட்டு விறாந்தைக்குக் கொண்டுவருதல் பூச்சியினும் பெரிய ஆபத்து. இதை நான் புத்தகத்திற் படித்து அறியவில்லை. என் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன்.

என்னிடம் ஒரு புளியமரம் இருக்கிறது. மரம் என்று சொன்னாலும், அதன் உயரம் ஒரு முழத்துக்குச் சற்றே மேல். சீனத்திலே தோன்றி யப்பானிலே செழித்த ஒரு கலையைப் பின்பற்றி, ஆழமில்லாத தட்டுச் சாடியிலே கொட்டை போட்டு, வேரைக் கத்தரித்து, கிளையைக் கம்பியால் வளைத்து, பதினெட்டு ஆண்டுகள் வளர்த்த குறுமரம் அது. பொன்சாய் என்று அதனைச் சொல்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கச்சான் காலத்திலே அதன் கவர்களில் எல்லாம் மாவுப்பூச்சி பிடித்தது. வெண்மூட்டுப்பூச்சி என்றும் இதை வழங்குவர். அப்பொழுது தம்பலகாமத்திலிருந்து வந்திருந்த என் மைத்துனர், "இதற்கென்ன கவலை அத்தான்? வயலுக்கு அடித்து மிஞ்சின மருந்து வீட்டிலே கிடக்கிறது, அடுத்த முறை வரும்போது கொண்டு வருகிறேன்" என்றார். சொன்னபடியே கொண்டும் வந்தார். ஒரு சர்பத்துப் போத்தலிலே கால் போத்தல்.

நானும் கண்ணளவாகத் தண்ணீர் கலந்து விசிறினேன். மாவுப்பூச்சி மடிந்தது உண்மை. எஞ்சிய மருந்தைப் போத்தலோடு மாடிப்படியின் கீழே வைத்தேன். இரண்டு நாள் கழித்து, வெயிலிலே விளையாடிவிட்டு வந்த என் பேரன் அந்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றான், மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். என் மனைவி பாய்ந்து பறித்தாள். அவள் என்னைப் பார்த்துச் சொன்னது ஒரே ஒரு வார்த்தை: "இது குடிக்கிற போத்தல் எல்லோ?" அதற்கு நான் இன்றுவரை மறுமொழி சொல்லவில்லை. குழந்தை அதைக் குடித்திருந்தால், எந்த நஞ்சு உள்ளே போயிற்று என்று வைத்தியருக்குச் சொல்லக்கூட எங்களிடம் ஒரு துண்டு எழுத்து இருந்திராது. பெயர்ச்சீட்டு மைத்துனருடைய வயல் வரப்பிலே கிடந்தது.

மரத்துக்கு நேர்ந்த கதையையும் கேளுங்கள். மூன்று கிழமைக்குள்ளே மாவுப்பூச்சி திரும்பிவிட்டது. கூடவே புதியதொரு தொல்லையும் வந்தது. இலைகள் வெளிறி உதிரத் தொடங்கின. கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், இலையின் அடிப்புறத்திலே மெல்லிய வலை. அதற்குள்ளே புழுதித்துகள் போலச் செந்நிறச் சிற்றுண்ணிகள் ஊர்ந்தன. சிற்றுண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிக்குக் கால் ஆறு, இதற்கு எட்டு. சிலந்தியின் உறவு. ஆகவே பூச்சிக்கென்று செய்த பல மருந்துகள் இதனைத் தீண்டுவதில்லை. ஆனால் இதனைத் தின்று அடக்கி வைத்திருந்த பொறிவண்டையும் பிற சிற்றுயிர்களையும் அந்த மருந்து துடைத்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், உலகெங்கும் பழத்தோட்டங்களில் டீ.டீ.ரி. தாராளமாகப் பயன்பட்ட இடங்களிலெல்லாம் இதே கதைதான் நடந்தது. முன்பு எவரும் பொருட்படுத்தாத சிற்றுண்ணி பெரும் பகையாக எழுந்தது. உலகம் கண்ட அந்தப் பாடத்தை நான் என் விறாந்தையிலே மீண்டும் ஒருமுறை நடத்திப் பார்த்தேன்.

நம் நாட்டிலே மூத்த தலைமுறையினருக்குப் பூச்சி நஞ்சின்மேல் ஒரு நன்றியுணர்வு உண்டு; அதற்குக் காரணமும் உண்டு. 1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் இந்தத் தீவிலே ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1946இல் வீடுவீடாக டீ.டீ.ரி. விசிறத் தொடங்கிய பின்னர் நோய் வேகமாக இறங்கி, 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா கண்டது. அந்த நஞ்சை வணங்காத கை எது? ஆனால் கண்காணிப்புத் தளர்ந்தது. நுளம்பும் நாளடைவில் அந்த மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டது. 1960களின் இறுதியிலே நோய் மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது 2016ஆம் ஆண்டிலேதான்.

வயல் நஞ்சின் வரலாறோ இன்னும் துயரமானது. அதனாலேதான் பூச்சிகொல்லிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1980இலே இயற்றப்பட்டது; மிகக் கொடிய நஞ்சுகள் சில 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் தடை செய்யப்பட்டன. 1995க்கும் 2005க்கும் இடையில் இந்நாட்டிலே தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொள்வோரின் விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கொடிய நஞ்சுகள் கைக்கு எட்டாமற் போனதே அதற்கு முதன்மையான காரணம் என்று ஆராய்ந்தோர் கூறினர். ஒரு வீட்டிலே நஞ்சுப் போத்தல் இருப்பதற்கும் இல்லாதிருப்பதற்கும் உள்ள வேற்றுமை அவ்வளவு பெரிது. அந்த வேற்றுமையை ஒரு செவ்வரத்தைச் செடிக்காக நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

நிற்க. செடிக்கு வருவோம்.

இலை கெட்டுவிட்டது என்றால் அது பூச்சியின் வேலை என்று முடிவு கட்டுவதற்கு முன் நன்றாகப் பாருங்கள். கடலை அடுத்த நம் ஊர்களிலே, டச்சுக்குடாவை நோக்கிய வீடுகளிலும், உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களிலும், காற்று உப்பைச் சுமந்து வருகிறது. இலையின் விளிம்பும் நுனியும் மாத்திரம் தீய்ந்து, நடுப்பகுதி பசுமையாகவே இருந்தால், பெரும்பாலும் அது உப்பின் வேலை. கிணற்று நீர் உவர்த்திருந்தாலும் இதே அடையாளந்தான். சாடி மண்ணின் மேற்பரப்பிலும் சாடியின் வெளிப்புறத்திலும் வெள்ளையாகப் பொருக்குப் படியும். இதற்கு மருந்து நல்ல தண்ணீர். சாடியின் துளை வழியே வழிந்தோடும்வரை இரண்டு மூன்று தடவை ஊற்றி மண்ணைக் கழுவிவிட வேண்டும். மாரிகாலத்திலே பீலியிலிருந்து விழும் மழைநீரைப் பிடித்து, நன்றாக மூடி வைத்திருப்போர் பாக்கியசாலிகள். உப்புக்குப் பூச்சிமருந்து அடித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

நுனிக்குருத்து முழுவதும் ஒரே இரவில் மறைந்து போயிருந்தால், பூச்சியைத் தேடுவதற்கு முன் படலை சாத்தியிருந்ததா என்று பாருங்கள். கோட்டைக்குள்ளேயும் நகர வீதிகளிலும் உலவும் நம்முடைய புள்ளிமான்களுக்குச் செவ்வரத்தைத் தளிர் பலகாரம். அதற்கு எந்த மருந்தும் எனக்குத் தெரியாது. படலை ஒன்றே வழி.

இனிச் சிற்றுண்ணி. இலையின் மேற்புறத்திலே ஊசியாற் குத்தியது போல வெளிறிய புள்ளிகள் பரவி, அடிப்புறத்திலே மெல்லிய வலை தெரிந்தால் அது சிற்றுண்ணியே. வெள்ளைத் தாள் ஒன்றைக் கிளையின் கீழே பிடித்து, கிளையைத் தட்டிப் பாருங்கள். தாளில் விழுந்த தூசு ஊர்ந்து சென்றால் ஐயமே இல்லை. வறட்சியும் வெப்பமும் இதற்குத் திருவிழா. கச்சான் காலத்து வெப்பத்திலே முட்டையிலிருந்து முதிர்ந்த உண்ணியாகி மீண்டும் முட்டையிட ஏறக்குறைய ஒரு கிழமை போதும். ஆனால் ஈரம் இதற்குப் பகை. நாள்தோறும் காலையிலே இலையின் அடிப்புறம் நனையும்படி தண்ணீரை விசையோடு பீச்சினால், வலை அறுந்து, உண்ணிகள் அடித்துச் செல்லப்படும். பத்து நாள் விடாமற் செய்ய வேண்டும். என் புளியமரம் பிழைத்தது இந்தத் தண்ணீராலேதான். வயலிலே நிற்கும் பயிரை எவரும் தூக்கித் திருப்பி இலையின் அடியைக் கழுவ முடியாது. சாடியை முடியும். கிணற்றடிக்குத் தூக்கிச் செல்லலாம், படுக்க வைக்கலாம், மற்றச் சாடிகளை விட்டுப் பிரித்துத் தனியே வைக்கலாம். சாடிச் செடியை வளர்ப்பவருக்குள்ள பெரும் வசதி இது. மருந்துப் போத்தலைத் தேடுகின்ற கை இந்த வசதியை மறந்துவிடுகிறது.

அடுத்தது சாறுறிஞ்சும் கூட்டம். அழுக்கணவன், மாவுப்பூச்சி, செதிற்பூச்சி, வெண் ஈ ஆகிய எல்லாம் ஒரே தொழிலைச் செய்வன. ஊசி போன்ற வாயைக் குருத்திலோ தண்டிலோ செருகிச் சாற்றைக் குடிக்கின்றன. குடித்ததிலே மிஞ்சிய சர்க்கரையைத் தேன் போலக் கழிக்கின்றன. அந்தத் தேன் படிந்த இலையிலே கரும்பூஞ்சணம் பிடித்து, இலை அடுப்புக்கரி பூசியது போலாகிறது. அந்தத் தேனுக்காகவே எறும்பும் வருகிறது. எறும்பு வெறும் விருந்தாளியன்று, அது மேய்ப்பன். மாடு மேய்ப்பவன் நரியை விரட்டுவது போல, பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் சிறு குளவியையும் எறும்பு கடித்து விரட்டுகிறது. ஆகையால் சாடியிலே எறும்பு வரிசையாக ஏறக் கண்டால், அன்றே இலைகளைத் திருப்பிப் பாருங்கள். சாடியைத் தண்ணீர்த் தட்டிலே வைத்த மூன்று கற்களின்மேல் ஏற்றிவிட்டால் எறும்புக்கு வழி அடைபடும். அந்தத் தட்டைப் பற்றி வேறொரு செய்தி உண்டு, பின்னர் வருகிறேன்.

செதிற்பூச்சி என்றதும் நம் நாட்டு வரலாறு ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்திலே இந்நாட்டு மலைகளெல்லாம் கோப்பித் தோட்டமாக இருந்தன. 1869இலே தோன்றிய இலைத்துரு நோய் அந்தக் கோப்பியை அழித்தது என்பதைப் பள்ளிக்கூடத்திலே படித்திருப்பீர்கள். துரு நோயிலே தப்பிய மரங்களை 1880களில் ஒரு பச்சைநிறச் செதிற்பூச்சி வந்து முடித்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதற்கு அறிவியற் பெயர் சூட்டியவர், கொழும்பிலே பிறந்து, தோட்டத்துரையாக இருந்து, பின்னர் இலங்கை அரசாங்கத்தின் பூச்சியியலாளராக ஆன ஏணஸ்ட் கிரீன் என்பவர். இலங்கையின் செதிற்பூச்சிகளையும் அவற்றின் இனத்தவற்றையும் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1896 முதல் 1922 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. கோப்பித் தோட்டங்கள் மறைந்து தேயிலை வந்துவிட்டது; ஆனால் அந்தப் பச்சைப் பூச்சி போய்விடவில்லை. உங்கள் வீட்டுச் சாடியிலே நிற்கும் வெட்சியையோ தேசிக்கன்றையோ திருப்பிப் பாருங்கள். இலையின் நடுநரம்பை ஒட்டி, அசையாமல், தட்டையாக, இளம்பச்சையாக ஒட்டிக்கொண்டிருப்பது அதுவாகவே இருக்கலாம்.

இந்தக் கூட்டத்துக்கு முதல் மருந்து விரல். மாவுப்பூச்சி பத்துப் பதினைந்து இருக்கும்போதே கண்டுவிட்டால், காதுக்குடைச்சிலே சுற்றிய பஞ்சை ஸ்பிரிற்றிலே தோய்த்து ஒவ்வொன்றையும் தொட்டுவிடுங்கள். வைத்தியசாலையிலே ஊசி போடுமுன் தோலிலே தடவுகின்ற அதே ஸ்பிரிற்றுத்தான்; அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். செதிற்பூச்சியை நகத்தாலோ பழைய பற்றூரிகையாலோ சுரண்டி எடுக்கலாம். அழுக்கணவன் பிடித்த குருத்தை இரு விரலால் நசித்து வழித்துவிட்டால் வேலை முடிந்தது. அருவருப்பாக இருந்தால் கிள்ளி எறிந்துவிடுங்கள். இன்னொன்று: யூரியாவை அள்ளிப் போட்டு வளர்த்த செடியிலே அழுக்கணவன் அதிகம் பிடிக்கும். கொழுத்த தளிர் அதற்கு இளநீர் போல.

விரலுக்கு அடங்காத அளவு பெருகிவிட்டால் சவர்க்காரத் தண்ணீர். வாசனையும் சாயமும் அதிகம் இல்லாத கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி, ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிச் சீவல் வீதம் கரைத்துக்கொள்ளுங்கள். துணி தோய்க்கும் பொடி உதவாது; அதிலுள்ள காரம் இலையைச் சுடும். பூச்சியின் உடலை மூடியுள்ள மெழுகைச் சவர்க்காரம் குலைத்து, அதனை உலர்த்திக் கொல்கிறது. ஆகவே பூச்சியின் உடலிலே பட்டால்தான் பயன்; இலையிலே காய்ந்துபோன சவர்க்காரம் ஒன்றையும் கொல்லாது. நம்முடைய கிணற்று நீர் பல இடங்களிலே கடினநீர். அந்த நீரிலே சவர்க்காரம் திரிந்துபோகும், நுரைக்காது. அப்படியானால் அது பூச்சிக்கும் வேலை செய்யாது. மழைநீரையோ குழாய் நீரையோ எடுத்துக்கொள்ளுங்கள். முதலிலே இரண்டு இலையில் மாத்திரம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்து, இலை கருகவில்லையென்றால் மாலை நேரத்திலே முழுச் செடிக்கும் அடித்து, மறுநாட் காலை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வாடி நிற்கும் செடிக்கு அடிக்கவேண்டாம். முதலில் அதற்குத் தாகம் தீரட்டும். ஒரு முறை அடித்துவிட்டுப் பலன் இல்லை என்று சலித்துக்கொள்வோர் பலர். செதிற்பூச்சியின் ஓட்டுக்குள்ளும் மாவுப்பூச்சியின் பஞ்சுப் பைக்குள்ளும் இருக்கும் முட்டைகள் சவர்க்காரத்துக்கு அகப்படுவதில்லை. குஞ்சு பொரித்து வெளியே ஊரும்போதுதான் அவை அகப்படும். அதனாலே ஏழு நாளுக்கு ஒருமுறையாக மூன்று தடவை அடிக்க வேண்டும்.

வேம்பைப் பற்றி நான் சொல்லியா நீங்கள் அறியவேண்டும்? நெற்பெட்டியிலே வேப்பிலை போட்டவர்கள் நம் பாட்டிமார். மேனாட்டார் அதன் அருமையை உணர்ந்தது 1959இலே. சூடான் நாட்டிலே வெட்டுக்கிளிப் படை பச்சை என்று கண்டதையெல்லாம் தின்று தீர்த்தபோது, வேப்பமரங்கள் மாத்திரம் தின்னப்படாமல் நின்றதை ஜெர்மானியப் பூச்சியியலாளர் சிமுட்டரர் கண்டார். 1968இலே இங்கிலாந்தில் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அது பூச்சியை உடனே வீழ்த்துவதில்லை. உணவிலே வெறுப்பை உண்டாக்குகிறது. தோல் உரித்து வளரும் முறையைக் குழப்புகிறது. ஆகவே அடித்த மறுநாள் செத்த பூச்சியைத் தேடுவோர் ஏமாந்து போவர். உலர்ந்த வேப்பம்பருப்பை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியிலே வடித்து, சிறிது சவர்க்காரம் சேர்த்து அடிக்கலாம். வேப்பெண்ணெய் ஆனால் லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி; சவர்க்காரம் சேர்க்காவிட்டால் எண்ணெய் தண்ணீரோடு கலவாது. வெயில் பட்டால் இதன் ஆற்றல் சில நாளிலே அழிந்துபோகும். அதனாலே மாலையிலே அடிப்பது நன்று. அன்றன்று கரைத்ததை அன்றே முடிப்பதும் நன்று. வேம்பு நம்முடையது என்பதற்காக வேப்பெண்ணெய்ப் போத்தலைக் கண்ட இடத்திலே வைக்காதீர்கள்; குழந்தைகள் குடித்தால் அதுவும் தீங்கே. மீன் தொட்டியிலும் சிந்தக்கூடாது.

இவ்விடத்திலே புகையிலைத் தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021ஆம் ஆண்டிலே இரசாயன உரமும் பூச்சிமருந்தும் நாட்டுக்குள் வருவது சில மாதங்கள் நிறுத்தப்பட்டபோது, வீட்டு மருந்துகள் பலவும் புத்துயிர் பெற்றன. அவற்றிலே புகையிலைக் கஷாயமும் ஒன்று. நம் பெரியோர் கையாண்டதுதான். பூச்சி சாவதும் மெய்தான். ஆனால் அந்தக் கஷாயத்திலே இறங்குவது நிக்கொட்டின் என்னும் கடுநஞ்சு. அது தோலின் வழியாகவே உடலுக்குள் ஏறும். குழந்தைக்குச் சிறிதளவும் ஆபத்து. போதாதற்கு, புகையிலையிலுள்ள ஒரு வைரசு நோய் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றக்கூடும். அடுப்பிலே காய்ச்சினோம் என்பதால் நஞ்சு நஞ்சல்லாமற் போகாது. விறாந்தைச் செடிகளுக்கு அது வேண்டவே வேண்டாம்.

பூச்சிக்குப் பூச்சியே பகையாவதை இந்த நாடு கண்ணாரக் கண்டது. 2008ஆம் ஆண்டிலே பப்பாசியைத் தாக்கும் ஒரு மாவுப்பூச்சி இலங்கைக்குள் வந்தது. அதன் தாயகம் மெக்சிக்கோவும் நடு அமெரிக்காவும். பப்பாசி மரங்கள் வெள்ளை பூத்துக் காய்ந்தன. கோயில் வீதிகளிலும் விகாரைகளிலும் நிற்கும் ஈழத்தலரி மரங்களும் தப்பவில்லை. வீட்டுச் செவ்வரத்தையிலும் ஏறியது. அதே ஆண்டிலே தமிழ்நாட்டிலே கோயம்புத்தூர்ப் பகுதியிலும் அது காணப்பட்டு, பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் வாட்டியது. எவ்வளவு மருந்தடித்தும் அடங்கவில்லை. மெழுகுப் போர்வைக்குள் இருப்பதைத் தெளிநீர் எட்டுவதில்லை. ஈற்றிலே புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குளவி வருவிக்கப்பட்டது. குளவி என்றதும் அஞ்சவேண்டாம். கொசுவினும் சிறியது, மனிதரைக் கொட்டாதது. அது மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளே முட்டையிடும்; குஞ்சு அதனை உள்ளிருந்தே தின்று வெளியேறும். இலங்கையில் 2009இலும் தமிழ்நாட்டில் 2010இலும் அது விடப்பட்டது. சில மாதங்களிலே மாவுப்பூச்சி பெரும்பாலும் அடங்கிவிட்டது. மருந்தடித்த தோட்டத்திலே அந்தக் குளவி வாழாது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சாடியிலும் அத்தகைய நண்பர்கள் உண்டு. மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அதைவிடப் பெரிதாக, வெள்ளைச் சடை வளர்த்த ஒரு புழு விரைந்து ஓடினால், அதனை நசுக்கிவிடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் பிள்ளை. அழுக்கணவன் கூட்டத்திலே சில மாத்திரம் உப்பி, பழுப்பு நிறமாகி, அசையாமலிருந்தால், குளவி அவற்றுக்குள் முட்டையிட்டுவிட்டது என்று பொருள். அந்தக் கிளையை விட்டுவிடுங்கள். தேசிக்கன்றிலும் கறிவேப்பிலையிலும் பறவையெச்சம் போலத் தொடங்கிப் பச்சையாகத் தடிக்கும் புழு, வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. சிறு சாடியிலே அது இரண்டு நாளில் எல்லா இலையையும் தின்றுவிடும் என்பதும் உண்மை. நான் அதனை எடுத்துப் படலையோரத்துப் பெரிய தேசிமரத்திலே விட்டுவிடுவது வழக்கம். என் மனைவி இதற்குச் சிரிப்பாள்.

குறுமரம் வளர்ப்போருக்குத் தனியே சில சொற்கள். சாதாரணச் சாடிச் செடி இலையெல்லாம் உதிர்த்தாலும் மீளும். ஆழமற்ற தட்டிலே, ஒரு பிடி மண்ணிலே நிற்கும் மரத்துக்கு அத்தகைய சேமிப்புக் குறைவு. அந்தச் சிறிதளவு மண்ணிலே இறங்கிய நஞ்சு போக இடமின்றி வேரைச் சுற்றியே நிற்கும். ஆகையால் வேருக்கு இடும் குருணை நஞ்சுகளை இதன் பக்கம் கொண்டுவரவே வேண்டாம். சவர்க்காரத் தண்ணீர் அடிக்கும்போதும் மண்ணை ஒரு பழந்துணியால் மூடி, சாடியைச் சாய்த்துப் பிடித்து, வடிநீர் வெளியே விழச் செய்யுங்கள். வளைப்பதற்குச் சுற்றிய கம்பியின் அடியிலேதான் செதிற்பூச்சி ஒளிந்திருக்கும். கம்பியைக் கழற்றும்போது தூரிகையால் தேய்த்துவிடுங்கள். எவ்வளவு நீர் ஊற்றியும் மரம் வாடினால், தட்டிலிருந்து கழற்றி வேரைப் பாருங்கள். வேரிலும் மாவுப்பூச்சி பிடிப்பதுண்டு. வெள்ளைப் பொடியாகத் தெரியும். வேரைக் கழுவி, பிடித்த பகுதியைக் கத்தரித்து, புதுமண்ணிலே வைத்து, இரண்டு கிழமை நிழலில் விடவேண்டும். கடையிலிருந்தோ நண்பர் வீட்டிலிருந்தோ வரும் எந்தச் செடியையும் மூன்று கிழமை தனியே வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்கவேண்டும். கப்பலேறி வந்த பூச்சிகளைத் துறைமுகத்திலே தடுப்பதற்கு அரசாங்கத்துக்குச் சட்டமும் அலுவலரும் உண்டு. படலையிலே தடுப்பதற்கு நாம்தான்.

இத்தனைக்கும் அடங்காத பூச்சி வந்தால், பூச்சி பிடித்த கிளையொன்றைக் கண்ணாடிப் போத்தலிலே போட்டு மூடி, கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். மருந்து வாங்கித்தான் தீரவேண்டுமென்றால், பதிவுபெற்ற மருந்தை, அதன் பெயர்ச்சீட்டு ஒட்டிய போத்தலிலே, மிகச் சிறிய அளவாக வாங்குங்கள், வேறு போத்தலுக்கு மாற்றாதீர்கள், பூட்டி வையுங்கள். கறிவேப்பிலை, துளசி, புதினா, தேசி ஆகிய வாயிலே வைக்கும் எதற்கும் அதனை விசிறாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை ஓர் இணுக்குக் கறிவேப்பிலை ஒடித்துப்போக உங்களைக் கேட்டுக்கொண்டா வருகிறது? தற்செயலாக எவராவது நஞ்சை விழுங்கிவிட்டால், வாந்தியெடுக்க வைக்க முயலாமல், பெயர்ச்சீட்டோடு கூடிய போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

முன்னே தண்ணீர்த் தட்டைப் பற்றிப் பின்னர் வருகிறேன் என்றேன். 2017ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களிலே கிண்ணியாவிலே டெங்குக் காய்ச்சல் வீட்டுக்கு வீடு பரவியதை நம் மாவட்டத்தவர் மறக்கமாட்டார்கள். அவ்வாண்டிலே நாடு முழுவதிலும் 186,000க்கும் மேற்பட்டோருக்கு அந்நோய் கண்டது. நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். டெங்கு நுளம்பு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டைச் சுற்றியுள்ள தெளிந்த நீரையே நாடுகிறது. பூச்சாடியின் கீழ் வைக்கும் தட்டு அதற்கு வாய்ப்பான தொட்டில். தண்ணீரை ஊற்றிவிட்டால் போதும் என்று எண்ணவேண்டாம். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தட்டின் சுவரிலே ஒட்டியிருக்கும் முட்டைகள், தட்டு உலர்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, அடுத்த முறை நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை தட்டைத் தும்பினால் அழுத்தித் தேய்த்துக் கழுவவேண்டும். எறும்புக்காக நீர் வைத்திருப்போருக்கும் இதுவே விதி. முடியாதவர்கள் தட்டை மணலால் நிரப்பிவிடுங்கள். எறும்புக்குச் சாடியின் விளிம்பிலே வேப்பெண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டிலே வெள்ளிக்கிழமை காலை அதற்கென்று வைத்திருக்கிறோம். பேரன் இப்பொழுது பெரியவன். தட்டுகளை அவன் தேய்க்கிறான், இலைகளை நான் திருப்பிப் பார்க்கிறேன். இந்த முறை கச்சான் தொடங்கியதும் புளியிலே மீண்டும் நாலைந்து மாவுப்பூச்சி தெரிந்தன. காதுக்குடைச்சியும் பஞ்சும் விறாந்தையிலேயே இருக்கின்றன.